டிஃப் முழுக்கச் சிவப்பானால்: குழுவின் நிரல் நடைச் சிக்கல்களை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

ஜாவாஸ்கிரிப்ட் அல்லது டைப்ஸ்கிரிப்ட் எழுதும் ஒரு குழு, நிரலை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் பிரெட்டியரையும் விதிமீறல்களைச் சுட்டும் ஈஎஸ்லின்ட்டையும் நிறுவி, ஹஸ்கி என்ற கருவி வழியாக கமிட் நேரச் சோதனையும் (கமிட் என்பது மாற்றங்களை கிட் வரலாற்றில் பதிவது), ஒவ்வொரு மாற்றத்தையும் சர்வரில் தானாகச் சோதிக்கும் சிஐயில் இறுதிச் சோதனையும் வைத்துவிட்ட பிறகும் நடை தொடர்பான தொல்லைகள் ஓய்வதில்லை. எங்கள் குழுவில் இந்தக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை சில ஆண்டுகளாக என்னிடம் இருப்பதால், ஒரே பழுதை வெவ்வேறு ஆட்களின் கணினியில் திரும்பத் திரும்பச் சரிசெய்திருக்கிறேன். அவற்றை அறிகுறிவாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் ஐந்து நிமிடத்தில் தீரும் காரணம் முதலிலும், ஒரு நாளை விழுங்கும் காரணம் கடைசியிலும் வரும்.

எந்த அறிகுறியானாலும் விதியை மாற்றும் யோசனையை முதலில் தள்ளிவைக்கவும். கருத்து வேறுபாடு என்று என்னிடம் வந்த வழக்குகளில் பெரும்பாலானவை, தோண்டிப் பார்த்தபோது இரண்டு கணினிகளில் இரண்டு பதிப்புகள் ஓடியதால் வந்தவையாகவே இருந்தன.

## அறிகுறி 1: ஒரு வரியைத் திருத்தினால் முழுக் கோப்பும் மாறியதாகக் காட்டுகிறது

புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு பிழைச்செய்தியில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தி, அதைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினார். மாறியது ஒரே சொல். மாறிய வரிகளைக் காட்டும் டிஃப்பில் (நீங்கியது சிவப்பு, சேர்ந்தது பச்சை) அறுநூறு வரிகளுக்கு மேல் சிவப்பும் பச்சையுமாக நின்றன. இந்த நிலையில் டிஃப்பின் முதல் பத்து வரிகளை மட்டும் உற்றுப் பார்த்தால் போதும், கீழே உள்ள எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

### சிவப்பு வரியும் பச்சை வரியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தால்

வரிமுடிவுதான், அதாவது ஒவ்வொரு வரியின் இறுதியிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்துதான், காரணம். விண்டோஸ் கணினி ஒவ்வொரு வரியையும் சிஆர்எல்எஃப் என்று முடிக்கிறது. லினக்ஸும் மேக்கும் எல்எஃப் என்று முடிக்கின்றன. உறுதி செய்ய, 'கிட் டிஃப் --இக்னோர்-ஸ்பேஸ்-அட்-இஓஎல்' என்று கொடுத்துப் பாருங்கள். அறுநூறு வரி ஒரே வரியாகச் சுருங்கினால் ஐயமே வேண்டாம். அடுத்து 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --இஓஎல்' என்ற கட்டளை, ஒவ்வொரு கோப்பும் ரெப்போவுக்குள் (கிட் காக்கும் நிரல் களஞ்சியம்) எந்த வரிமுடிவுடன் இருக்கிறது, உங்கள் வட்டில் எந்த வரிமுடிவுடன் இருக்கிறது என்பதை இரண்டு பத்திகளாகக் காட்டும். முதல் பத்தியிலேயே சிஆர்எல்எஃப் இருந்தால், பழுது உங்கள் கணினியைத் தாண்டி ரெப்போவுக்குள் புகுந்துவிட்டது என்று பொருள்.

தீர்வு, ரெப்போவின் வேர் ஃபோல்டரில் '.கிட்ஆட்ரிபியூட்ஸ்' என்ற கோப்பை வைத்து, எல்லா உரைக் கோப்புகளுக்கும் எல்எஃப் என்று அதில் எழுதிவிடுவது. விண்டோஸின் பேட்ச் கோப்புகள் இருந்தால் அவற்றுக்கு மட்டும் சிஆர்எல்எஃப் என்று தனி வரி எழுத வேண்டும். பிறகு 'கிட் ஆட் --ரீநார்மலைஸ் .' என்று கொடுத்து, வேறு எந்த மாற்றமும் கலக்காமல் தனி கமிட்டாகப் போடவும். ஒவ்வொருவரும் தங்கள் கணினியில் 'ஆட்டோ-சிஆர்எல்எஃப்' அமைப்பை மாற்றிக்கொள்ளட்டும் என்று அறிவிப்பு அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த மாதம் சேரும் ஆளுக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேராது, ரெப்போவில் இருக்கும் கோப்பு போய்ச் சேரும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பிரெட்டியரின் 2.0 பதிப்பிலிருந்து வரிமுடிவின் இயல்பு மதிப்பு எல்எஃப் ஆகிவிட்டது. அதனால் விண்டோஸில் ஈஎஸ்லின்ட் வழியாக பிரெட்டியரை ஓட்டுபவர்களுக்கு ஒவ்வொரு வரியின் கீழும் 'டிலீட்' என்ற பிழை வரிசையாக வரும். இணையத்தில் தேடினால், வரிமுடிவு அமைப்பை 'ஆட்டோ' என்று மாற்றச் சொல்லும் பதில்தான் முதலில் கிடைக்கும். அதைச் செய்தால் சிவப்புக் கோடுகள் மறையும், நோய் அப்படியே இருக்கும்: கலப்பு வரிமுடிவுகள் ரெப்போவுக்குள் தொடர்ந்து சேரும், ஒரு நாள் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் சிஆர்எல்எஃப்புடன் சர்வருக்குப் போய் ஓட மறுக்கும்.

### வரி இறுதிக் காற்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் மட்டும் மாறியிருந்தால்

இரண்டு பிரெட்டியர் பதிப்புகள் ஒரே கோப்பை மாறி மாறித் தொடுகின்றன. இதற்குத் தடயம் மிகத் தெளிவானது. பட்டியலின் கடைசி உறுப்புக்குப் பின் காற்புள்ளி வேண்டாம் என்பது 1-ஆம் வரிசைப் பதிப்புகளின் இயல்பு, 2.0 பதிப்பு பட்டியல்களிலும் ஆப்ஜெக்ட்களிலும் அதைப் போடத் தொடங்கியது. 2023இல் வந்த 3.0 பதிப்பு ஃபங்ஷன்களுக்குக் கொடுக்கும் மதிப்புகளின் இறுதியிலும் போடுகிறது. ஆரோ ஃபங்ஷனின் ஒற்றை அளவுருவைச் சுற்றி அடைப்புக்குறி முளைத்திருந்தால், அதுவும் 1-இலிருந்து 2-க்குத் தாவியதன் அடையாளமே.

டெர்மினலில் 'என்பிஎக்ஸ் பிரெட்டியர் --வெர்ஷன்' கொடுத்து வரும் எண்ணையும், விஎஸ் கோட் எடிட்டரின் அவுட்புட் பலகத்தில் பிரெட்டியரைத் தேர்ந்தெடுத்தால் தெரியும் எண்ணையும் ஒப்பிடுங்கள். ரெப்போவுக்குள் பிரெட்டியர் நிறுவப்படாமல் இருந்தால், எடிட்டர் நீட்சி தன்னோடு வந்த பதிப்பைப் பயன்படுத்திக்கொள்ளும். ரெப்போவுக்குத் தேவையான தொகுப்புகளை நிறுவும் என்பிஎம் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுக்க மறந்த கணினியில் நடப்பது இதுதான். மறக்காத கணினியிலும் வேறுபட்டால், பேக்கேஜ் கோப்பில் பதிப்பு எண்ணுக்கு முன், புதிய சிறு பதிப்புகளையும் ஏற்கச் சொல்லும் கூரைக்குறி (^) இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற நூலகங்களுக்கு அந்தக் குறி இருப்பதில் தவறில்லை. வடிவமைப்புக் கருவிக்கு அது கூடாது. சிறு பதிப்பு மாற்றம்கூடச் சில வரிகளை மடிக்கும் விதத்தை மாற்றும் என்பதால், '--சேவ்-எக்ஸாக்ட்' தேர்வுடன் துல்லியமான பதிப்பையே நிறுவ வேண்டும். பதிப்பை உயர்த்துவதைத் தனிப் புல் ரிக்வெஸ்ட்டாக வைத்து, அதிலேயே முழு ரெப்போவையும் மறுபடி வடிவமைத்துவிட வேண்டும்.

### மேற்கோள்குறியும் உள்தள்ளலும் மாறியிருந்தால்

அந்தக் கணினியில் வேறொரு ஃபார்மேட்டர் உட்கார்ந்திருக்கிறது. விஎஸ் கோடில் இயல்பு ஃபார்மேட்டர் எது என்ற அமைப்பையும், சேமிக்கும்போது வடிவமைக்கவும் என்ற அமைப்பையும் '.விஎஸ்கோட்' ஃபோல்டரில் எழுதி ரெப்போவிலேயே வைத்துவிட்டால், ஆளின் தனி அமைப்பை ரெப்போவின் அமைப்பு வென்றுவிடும். வேறு எடிட்டர் பயன்படுத்துவோருக்கு '.எடிட்டர்கான்ஃபிக்' கோப்பு உதவும். உள்தள்ளல், வரிமுடிவு, வரி நீளம் ஆகியவற்றை பிரெட்டியரும் அதிலிருந்து படித்துக்கொள்ளும்.

எப்போது உதவி கேட்பது: வெளியீட்டுக் கிளைகள் பல உயிரோடு இருக்கும் ரெப்போவில் வரிமுடிவுகளை மாற்றி அமைப்பதைத் தனியாகச் செய்ய வேண்டாம். ஒரு கிளையில் செய்த பாதுகாப்புத் திருத்தத்தை இன்னொரு கிளைக்கு எடுத்துச்செல்லும்போது முழுக் கோப்பும் மோதும். ரிலீஸ் பொறுப்பாளரோடு உட்கார்ந்து, எந்தக் கிளைகளில் எந்த வரிசையில் என்று முடிவு செய்த பிறகே தொடவும்.

## அறிகுறி 2: சேமிக்கும் ஒவ்வொரு முறையும் நிரல் இரண்டு வடிவங்களுக்கு இடையே ஊசலாடுகிறது

சேமித்தால் ஒரு வரி மூன்றாக மடிகிறது. மறுபடி சேமித்தால் ஒன்றாக நிமிர்கிறது. பிரெட்டியரும் ஈஎஸ்லின்ட்டும் ஒரே வரிக்குச் சண்டை போடுகின்றன. இடைவெளி, உள்தள்ளல், மேற்கோள்குறி பற்றிய விதிகள் ஈஎஸ்லின்ட்டிலும் உயிரோடு இருப்பதே காரணம். அந்த வகை விதிகளை ஈஎஸ்லின்ட் குழுவே 2023இல் 8.53 பதிப்பில் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் பழைய அமைப்புக் கோப்பை நகலெடுத்துத் தொடங்கிய ரெப்போக்களில் அவை இன்னும் இருக்கின்றன.

முரண்படும் விதிகளை அணைக்கும் 'ஈஎஸ்லின்ட்-கான்ஃபிக்-பிரெட்டியர்' நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் தகராறு தொடர்ந்தால், அது அமைப்புப் பட்டியலில் கடைசியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பின்னால் வேறொரு தொகுப்பைச் சேர்த்தால், அணைத்த விதிகளை அது மீண்டும் எழுப்பிவிடும். இரண்டும் சரியாக இருந்தால், 'என்பிஎக்ஸ் ஈஎஸ்லின்ட்-கான்ஃபிக்-பிரெட்டியர்' என்று எழுதி ஒரு கோப்பின் பெயரைக் கொடுங்கள். எந்த விதி மோதுகிறது என்று பெயரோடு சொல்லும்.

பைத்தானிலும் இதே கதைதான். வடிவமைக்கும் கருவியான பிளாக் 88 எழுத்து வரை ஒரு வரியை விடும். விதி பார்க்கும் ஃப்ளேக்8 இயல்பாக 79-இலேயே குறை சொல்லும். ஃப்ளேக்8-இன் வரி நீளத்தை 88 ஆக்கி, இ203 என்ற விதியை அணைத்து, இம்போர்ட் வரிகளை வரிசைப்படுத்தும் ஐசார்ட்டுக்கு 'பிளாக்' புரொஃபைலைக் கொடுத்தால் மூன்றும் சமாதானமாகிவிடும். மூன்றையும் விட்டு, அவற்றின் வேலையைச் சேர்த்துச் செய்யும் ரஃப் ஒன்றுக்கே மாறிவிடுவது இன்னும் எளிது என்பது என் சொந்தக் கருத்து.

## அறிகுறி 3: என் கணினியில் தேறுகிறது, சிஐயில் தோற்கிறது

முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் எதைச் சோதித்தீர்கள் என்பது. கமிட் நேரத்தில் ஓடும் லின்ட்-ஸ்டேஜ்டு, அந்த கமிட்டில் சேர்த்த கோப்புகளை மட்டுமே பார்க்கும். சிஐ முழு ரெப்போவையும் பார்க்கும். எனவே சிஐ கட்டளையை எழுத்துக்கு எழுத்து உங்கள் டெர்மினலில் ஓட்டிப் பார்க்கவும். அப்போதும் தேறினால், 'என்பிஎம் சிஐ' கொடுத்து, லாக் கோப்பில் உள்ள அதே பதிப்புகளைப் புதிதாக நிறுவி, மறுபடி ஓட்டவும். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

அதிலும் பிடிபடாவிட்டால், நீங்கள் தொடாத கோப்பில் பிழை காட்டுகிறதா என்று பாருங்கள். கிட்ஹப்பின் சிஐ சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸ் புல் ரிக்வெஸ்ட் நிகழ்வில் உங்கள் கிளையைத் தனியாகச் சோதிப்பதில்லை. அதை மெயின் கிளையோடு மெர்ஜ் செய்தால், அதாவது இணைத்தால், கிடைக்கும் நிரலைச் சோதிக்கிறது. நேற்று மெயினில் யாராவது புதிய விதி சேர்த்திருந்தால், அது உங்கள் கணினியில் இன்னும் இல்லை, சிஐயில் இருக்கிறது. மெயினை இழுத்து மெர்ஜ் செய்தால் உங்கள் கணினியிலும் அதே பிழை வரும்.

இதன் எதிர்மறையும் உண்டு, அதுதான் ஆபத்தானது: சிஐ பச்சையாக இருக்கிறது, ஆனால் ஆழத்தில் இருக்கும் ஃபோல்டர்களில் வடிவமைக்காத கோப்புகள் கிடக்கின்றன. என்பிஎம் ஸ்கிரிப்ட்டில் இரட்டை நட்சத்திரம் கொண்ட கோப்பு வடிவத்தை மேற்கோள்குறி இல்லாமல் எழுதியிருந்தால், லினக்ஸின் ஷெல் அதைத் தானே விரித்து, ஒரே ஒரு நிலை ஆழம் வரை மட்டும் கோப்புகளைப் பொறுக்கிக் கொடுக்கும். ஒற்றை மேற்கோள்குறி போட்டால் லினக்ஸில் சரியாகிவிடும், ஆனால் விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட் அந்தக் குறியையும் பெயரின் பகுதியாக எடுத்துக்கொண்டு எந்தக் கோப்பும் இல்லை என்று சொல்லும். இரட்டை மேற்கோள்குறியைப் பின்சாய்கோட்டுடன் எழுதுவதே இரண்டு இடத்திலும் வேலை செய்யும். வடிவமே இல்லாமல் ஒற்றைப் புள்ளியைக் கொடுத்து, வேண்டாதவற்றை '.பிரெட்டியர்இக்னோர்' கோப்பில் தள்ளுவது அதைவிட நிம்மதி.

ஈஎஸ்லின்ட் 9-க்கு மாறிய அன்று தானாக உருவாகும் கோப்புகளிலெல்லாம் பிழை கொட்டினால் பதற வேண்டாம். பழைய '.ஈஎஸ்லின்ட்இக்னோர்' கோப்பை அந்தப் பதிப்பு படிப்பதில்லை. பட்டியலைப் புதிய அமைப்புக் கோப்புக்குள் நகர்த்தினால் போதும்.

எப்போது உதவி கேட்பது: 'என்பிஎம் சிஐ' செய்து, மெயினையும் மெர்ஜ் செய்து, நோட் பதிப்பும் ஒன்றே என்று பார்த்த பிறகும் முடிவு வேறுபட்டால், சிஐயின் கேஷ் அல்லது கன்டெய்னர் இமேஜ் பழையதாக இருக்கக்கூடும். அதைத் தொடும் அனுமதி டெவ்ஆப்ஸ் குழுவிடம்தான் இருக்கும். இரண்டு இடங்களின் பதிப்பு எண்களையும் இணைத்து அவர்களுக்கு டிக்கெட் போடவும்.

## அறிகுறி 4: கமிட் செய்யும்போது எந்தச் சோதனையும் ஓடவில்லை

கமிட் போன்ற நேரங்களில் தானாக ஓடும் கிட் ஹூக்குகள், ரெப்போவை குளோன் (நகல்) செய்யும்போது கூடவே வருவதில்லை. அவற்றைப் பொருத்துவது என்பிஎம் இன்ஸ்டால் நேரத்தில் ஓடும் 'பிரிப்பேர்' ஸ்கிரிப்ட். எனவே 'கிட் கான்ஃபிக் கோர்.ஹூக்ஸ்பாத்' என்று கேட்டுப் பாருங்கள். பதில் காலியாக வந்தால் இன்ஸ்டாலை மறுபடி ஓட்டுங்கள். பாதை சரியாக இருந்தும் ஹூக் ஓடவில்லை என்றால், ஹூக் கோப்புக்கு இயக்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். டெர்மினலில் ஓடி, கிட்டின் வரைகலைச் செயலியில் மட்டும் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று தோற்றால், நோட் பதிப்புகளைப் பார்த்துக்கொள்ளும் என்விஎம் வைத்திருக்கும் நோடின் இருப்பிடம் அந்தச் செயலிக்குத் தெரியவில்லை. ஹஸ்கி படிக்கும் தொடக்க ஸ்கிரிப்ட்டில் அந்தப் பாதையை எழுத வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வடிவமைக்காத நிரல் வந்துகொண்டே இருந்தால், யாரோ ஹூக்கைத் தவிர்க்கும் '--நோ-வெரிஃபை' போடுகிறார்கள். கோபப்படுவதற்கு முன் ஹூக் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். எங்கள் ரெப்போவில் ஒரு கட்டத்தில் நாற்பது நொடி எடுத்தது. மதியம் மூன்று மணிக்கு புரொடக்ஷன் பிழையைத் திருத்திக்கொண்டிருப்பவர் அதைத் தாண்டிக் குதிப்பார், நானும் குதித்திருக்கிறேன். 'டைமிங்=1' என்ற சூழல் மாறியுடன் ஈஎஸ்லின்ட்டை ஓட்டினால் எந்த விதி நேரத்தைத் தின்கிறது என்று அட்டவணை வரும். பெரும்பாலும் டைப் தகவலை நாடும் விதிகளே மேலே இருக்கும். அவற்றை சிஐக்கு மட்டும் என்று நகர்த்திவிட்டு, ஹூக்கில் வடிவமைப்பையும் இலகுவான விதிகளையும் விட்டுவைத்தால் சில நொடிகளில் முடிந்துவிடும்.

ஹூக் ஒரு வசதி. காவல் அதன் வேலை அன்று. தோற்ற சிஐ சோதனையுடன் மெர்ஜ் செய்ய முடியாதபடி கிளைப் பாதுகாப்பில் அந்தச் சோதனையைக் கட்டாயமாக்கும் வரை விதி என்பது வேண்டுகோளாகவே இருக்கும். அதை இயக்க ரெப்போவின் அட்மின் அனுமதி வேண்டும். உங்களிடம் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

## அறிகுறி 5: முழு ரெப்போவையும் வடிவமைத்த பிறகு ஒவ்வொரு வரியும் ஒரே ஆள் எழுதியதாகத் தெரிகிறது

என் பெயர்தான் தெரிந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் எழுதிய கட்டணக் கணக்கீட்டைப் பற்றி என்னிடம் வந்து கேட்டார்கள்.

கிட் 2.23 பதிப்பிலிருந்து, குறிப்பிட்ட கமிட்களைத் தாண்டி அதற்கு முந்தைய ஆளைக் காட்டும் வசதி 'கிட் பிளேம்' கட்டளையில் இருக்கிறது. வேர் ஃபோல்டரில் '.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்' என்ற கோப்பில் அந்த வடிவமைப்பு கமிட்டின் முழு ஹேஷை (கமிட்டின் அடையாளக் குறியீடு) எழுதவும். கிட்ஹப் அதைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். தங்கள் கணினியில் ஒவ்வொருவரும் 'பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்' என்ற அமைப்பில் அந்தக் கோப்பின் பெயரை ஒருமுறை கொடுக்க வேண்டும். எழுதியும் பலிக்கவில்லையா? பல கமிட்களை ஒன்றாகச் சுருக்கும் ஸ்குவாஷ் முறையில் மெர்ஜ் செய்தால் ஹேஷ் மாறிவிடும். மெயினில் வந்து சேர்ந்த பிறகு உள்ள ஹேஷைத்தான் எழுத வேண்டும். வடிவமைப்போடு சிறு திருத்தம் ஒன்றையும் அந்த கமிட்டில் கலந்திருந்தால் அந்தத் திருத்தத்தின் தடயமும் மறைந்துபோகும்.

### திறந்திருந்த புல் ரிக்வெஸ்ட்கள் எல்லாம் மோதினால்

கையால் ஒவ்வொரு மோதலையும் தீர்க்க உட்காராதீர்கள். உங்கள் கிளையில், வடிவமைப்பு கமிட்டுக்குச் சரியாக முந்தைய கமிட்டை முதலில் மெர்ஜ் செய்யுங்கள். அமைப்புக் கோப்புகள் அதற்கு முன்பே மெயினில் வந்திருக்க வேண்டும். பிறகு உங்கள் கிளை முழுவதையும் அதே பதிப்பால் வடிவமைத்து கமிட் செய்யுங்கள். அதன் பின் வடிவமைப்பு கமிட்டை 'கிட் மெர்ஜ் -எஸ் அவர்ஸ்' என்று மெர்ஜ் செய்தால், உங்கள் நிரல் அப்படியே நிற்க, வரலாறு மட்டும் இணையும். இறுதியாக மெயினின் மீதியை வழக்கம்போல் மெர்ஜ் செய்யலாம். 'அவர்ஸ்' போடும் கமிட்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் மற்றவர்களின் வேலை சத்தமில்லாமல் அழிந்துவிடும் என்பதால், இதை முதன்முறை செய்பவர் கிட்டில் கைதேர்ந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

## அறிகுறி 6: சோதனைகள் எல்லாம் பச்சை, ஆனாலும் ரிவ்யூவில் நடைச் சண்டை ஓயவில்லை

அதிகச் செலவு வைக்கும் பழுது இது, ஏனெனில் இதைக் கட்டளையால் தீர்க்க முடியாது.

முதலில் ஒரு வாரத்து ரிவ்யூ கருத்துகளைப் புரட்டி, நடையைப் பற்றியவற்றை மட்டும் தனியே எடுங்கள். ஒரே கருத்து மூன்று முறை வந்திருந்தால் அதைச் சொல்லும் லின்ட் விதி ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். இளையவர் ஒருவர் ரிவ்யூவில் மூத்தவருக்கு எழுதிய பதில் எனக்கு மறக்கவில்லை: "அண்ணா, இதே கருத்தைப் போன வாரமும் சொன்னீங்க, இதை ரூலாப் போட்டுட்டா நானும் மறக்க மாட்டேன், நீங்களும் டைப் பண்ண வேண்டாம்." அந்த மாலையே அது விதியானது.

விதி 'எச்சரிக்கை' நிலையில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். நூற்றுக்கணக்கான மஞ்சள் வரிகளுக்கு நடுவே புதியதை யாரும் பார்ப்பதில்லை. சிஐயில் '--மேக்ஸ்-வார்னிங்ஸ் 0' என்று கொடுங்கள். பழைய நிரலில் மீறல்கள் மலையாக இருந்தால், ஈஎஸ்லின்ட் 9.24-இல் வந்த மொத்த ஒதுக்கல் வசதியால் இருப்பவற்றைப் பதிவுசெய்து மறைத்துவிட்டு, புதியவற்றை மட்டும் பிழையாக்கலாம். விதியை அணைக்கும் குறிப்புரைகள் பெருகுகின்றனவா என்பதையும் பாருங்கள். ஒரே விதியைப் பலரும் அணைக்கிறார்கள் என்றால் தவறு விதியில் இருக்கிறது.

புதிய விதி எதையும் கூட்டத்தில் வாயால் விவாதிக்க வேண்டாம். வேண்டுபவர் அமைப்புக் கோப்பை மாற்றி, அதனால் ரெப்போவில் மாறும் வரிகளையும் சேர்த்து ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்பட்டும். மாற்றத்தின் அளவு கண்ணெதிரே நிற்கும்போது பாதி யோசனைகள் முன்வைத்தவராலேயே திரும்பப் பெறப்படுகின்றன. மற்றவர்கள் கருத்துச் சொல்ல மூன்று வேலை நாள் கொடுங்கள். எதிர்ப்பு இல்லாவிட்டால் மெர்ஜ் செய்யுங்கள். மாறியின் பெயர் பொருத்தமானதா, ஃபங்ஷனைப் பிரிக்க வேண்டுமா போன்றவை எந்தக் கருவிக்கும் பிடிபடாது. அவற்றில் மட்டும் ஆட்கள் நேரம் செலவிடட்டும். டேபா இடைவெளியா என்ற கேள்வியை பிரெட்டியரின் இயல்பு மதிப்புக்கே விட்டுவிடுங்கள் என்பேன், எனக்கு அந்த மதிப்புகள் எல்லாம் பிடித்தவை இல்லை என்றாலும்.

எப்போது மேலே கொண்டுபோவது: மூன்று நாள் கழிந்தும் இருவர் விட்டுக்கொடுக்கவில்லை என்றால் டெக் லீட் ஒரே வரியில் முடிவு சொல்லட்டும், அதை அந்தப் புல் ரிக்வெஸ்ட்டிலேயே பதிவு செய்யுங்கள். முடிவுக்குப் பிறகும் ஒருவர் சோதனையை அணைத்துவிட்டு மெர்ஜ் செய்கிறார் என்றால், கருவியைப் பார்த்துக்கொள்பவர் அதில் தலையிடக் கூடாது. அப்படி மெர்ஜ் செய்தவரின் மேலாளர் அவரோடு தனியாகப் பேச வேண்டும். அதற்குள் அட்மின் உரிமை எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் ரெப்போவில் பதினொரு பேரிடம் இருந்தது. இப்போது இரண்டு பேரிடம் இருக்கிறது.